ஒரே ஆப்ஜெக்ட், இருநூறு த்ரெட்

"ஜாவாவில் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினேன். தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நாலு பேர் ஒரே சமயத்தில் உள்ளே வந்தால் மட்டும் ஒருவர் பெயர் இன்னொருவர் திரையில் வருகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிரலையும் அனுப்பியிருந்தார். பயனரின் பெயரை வைக்கும் மாறியை மெத்தடுகளுக்கு வெளியே, கிளாஸின் தலைமாட்டிலேயே அறிவித்திருக்கிறார். கோளாறு அந்த ஒரு வரியில்தான்.

அடிப்படை தெரிந்ததுதான். பிரௌசர் கேட்கும், சர்வர் பதில் தரும். ஜாவாவில் இதற்கு 1997 முதல் இருக்கும் ஏற்பாடு சர்வ்லெட்: கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் கிளாஸ். எச்டிடிபிசர்வ்லெட் என்ற கிளாஸை நீட்டித்து, டூகெட் (பக்கத்தைக் கேட்கும்போது ஓடுவது), டூபோஸ்ட் (படிவத்தை அனுப்பும்போது ஓடுவது) என்ற மெத்தடுகளை எழுதி, சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் போட்டால் 8080 போர்ட்டில் ஓடும். டூகெட் எழுதாமல் பக்கத்தைத் திறந்தால் 405, அதாவது 'இந்த வகைக் கோரிக்கைக்கு இடமில்லை' என்று வரும். பழைய பாடத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னோர் இடத்திலும் இடறுவார்கள்: டாம்கேட் 10-இலிருந்து இம்போர்ட் வரிகளில் 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' வந்துவிட்டது. வரிகளை மாற்றுங்கள், இல்லையென்றால் டாம்கேட் 9-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் சுவாரஸ்யமான இடம். கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் 'நியூ' போடு என்று படித்திருக்கிறோம். சர்வ்லெட்டுக்கு நீங்கள் எங்கேயாவது 'நியூ' போட்டீர்களா? இல்லை. அதை டாம்கேட் போடுகிறது, அதுவும் ஒரே ஒரு தடவை. பிறகு வருகிற கோரிக்கை பத்தானாலும் பத்தாயிரமானாலும் எல்லாம் அதே ஆப்ஜெக்டுக்குத்தான் போகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட், அதாவது நிரலைத் தனியாக ஓட்டிச் செல்லும் ஓர் இழை, ஒதுக்கப்படும், அவ்வளவுதான். டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 200 த்ரெட்கள் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை ஆப்ஜெக்டுக்குள் புகுந்து வேலை பார்க்கலாம்.

சர்வர் என்றதும் நமக்கு ஹோட்டல் சர்வர்தானே நினைவுக்கு வருவார்? அவரையே வைத்துக்கொள்வோம். த்ரெட்தான் சர்வர், ஆப்ஜெக்ட் சமையலறை. மெத்தடுக்குள் அறிவிக்கும் மாறி, சர்வரின் சட்டைப்பையில் இருக்கும் துண்டுச்சீட்டு. அவருக்கு மட்டும் சொந்தம், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். கிளாஸின் தலைமாட்டில் அறிவித்த மாறியோ, சமையலறைச் சுவரில் மாட்டிய சிலேட். ஒருவர் 'நெய் ரோஸ்ட்' என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருவர் அதை அழித்து 'பூரி' என்று எழுதிவிடுகிறார். முதல் மேசைக்கும் பூரி போகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? பெயரை மாறியில் போடும் வரிக்கும் அதைத் திரையில் அச்சிடும் வரிக்கும் நடுவில் த்ரெட் ஸ்லீப் 10,000 மில்லிவிநாடி என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு வெவ்வேறு பிரௌசர்களைத் திறங்கள். ஒன்றில் 'கண்ணன்' என்று அனுப்பி, நான்கு விநாடி கழித்து மற்றதில் 'மீனா' என்று அனுப்புங்கள். பத்தாவது விநாடியில் கண்ணனின் திரையில் 'வணக்கம், மீனா'. பதினான்காவது விநாடியில் மீனாவுக்கும் அதே வணக்கம். ஸ்லீப் இல்லாதபோது இந்த இடைவெளி மில்லிவிநாடிக்கும் குறைவு. அதனால்தான் தனியாக ஓட்டும்போது தப்பித்துக்கொள்கிறது.

வருகையாளர் எண்ணிக்கையை 'பிளஸ் பிளஸ்' போட்டு ஏற்றுவதிலும் இதே வில்லங்கம். ஒரு வரி போலத் தெரிந்தாலும் அது மூன்று வேலை: படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் 41-ஐப் படித்தால் இரண்டுமே 42 என்று எழுதும். ஒருவர் கணக்கில் காணாமல் போவார். அங்கே அட்டாமிக்இன்டீஜர் போடுங்கள், அது மூன்று வேலையையும் பிரிக்க முடியாத ஒன்றாகச் செய்யும்.

பெயர் குழப்பத்துக்கு இணையத்தில் தேடினால் 'டூபோஸ்டுக்கு முன்னால் சிங்க்ரனைஸ்டு போடு' என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு அது. போட்டால் பெயர் குழம்பாது, உண்மைதான். ஆனால் ஒரு கோரிக்கைக்கு அரை விநாடி என்றால், சேர்ந்து வந்த இருபது பேரில் கடைசி ஆள் பத்து விநாடி காத்திருப்பார். சமையலறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் நுழையலாம் என்று பூட்டுப் போட்ட கதை.

பிரச்சினை பாடத்திட்டத்திலும் இருக்கிறது. விலங்கு, நாய், பூனை என்று இன்ஹெரிட்டன்ஸை (ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை நீட்டிப்பதை) மூன்று வாரம் நடத்துகிறோம். ஓர் ஆப்ஜெக்டை யார் பிறப்பிக்கிறார், எத்தனை நாள் அது உயிரோடு இருக்கும் என்பதை ஒரு வகுப்பில்கூடச் சொல்வதில்லை. வெப்பில் அதுதான் முக்கியம், ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். ரூபி மொழியின் வெப் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது கன்ட்ரோலர் (கோரிக்கையைக் கவனிக்கும்) ஆப்ஜெக்ட் பிறக்கும். ஆகவே அங்கே இந்தத் தவறு தவறே அல்ல. ஜாவாவின் ஸ்பிரிங் என்ற சட்டகத்தில் கன்ட்ரோலர் இயல்பாகவே ஒன்றே ஒன்று, ஆகவே இதே பள்ளம் அங்கும் உண்டு. இது தெரியாதவர்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்கிறார்கள். அந்த நிமிடம் கூட்டம் இல்லை, அதுதான் சங்கதி. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும்.

வாசகர் செய்ய வேண்டியது: பெயர் மாறியை டூபோஸ்டுக்குள் இறக்குங்கள். அடுத்த பக்கத்திலும் பெயர் வேண்டுமென்றால் செஷனில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைத்திருக்கும் பையில், வையுங்கள். டாம்கேட் ஒவ்வொரு பிரௌசருக்கும் ஜேசெஷன்ஐடி என்ற குக்கீயை டோக்கன் போலக் கொடுத்து, அந்த எண்ணுக்கு உரிய பையைத் தனியாகப் பத்திரப்படுத்தும். 30 நிமிடம் ஆள் வராவிட்டால் பை காலியாகும். நாளைக்கும் வேண்டிய தகவல் என்றால் டேட்டாபேஸ்தான். உங்கள் நிரலில் பொருள்கூடைப் பட்டியலும் அதே தலைமாட்டில் இருக்கிறது, அதையும் செஷனுக்கு மாற்றுங்கள். பிறகு அதே பத்து விநாடிச் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். கண்ணனுக்குக் கண்ணன், மீனாவுக்கு மீனா என்று வந்ததும் அந்த ஸ்லீப் வரியை மறக்காமல் அழித்துவிடுங்கள்.