ஒத்துப்போகக் கூடாத எண்கள்

2019 மே 18. ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தல். பில் ஷார்ட்டனின் லேபர் கட்சிதான் வெல்லும் என்று ஊடகங்கள் வாரக்கணக்கில் சொல்லிவந்தன. ஸ்போர்ட்ஸ்பெட் என்ற பந்தய நிறுவனம் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பே, லேபர்மீது பணம் கட்டியவர்களுக்கு 13 லட்சம் டாலரைக் கொடுத்தேவிட்டது. ஆனால் எதிரணியான லிபரல்–நேஷனல் கூட்டணியின் ஸ்காட் மோரிசனே பிரதமராகத் தொடர்ந்தார்.

கணிப்பு தவறுவது சகஜம். இங்கே எல்லாக் கணிப்புகளும் கூடிநின்று ஒரே இடத்தில் தவறின. பிரசாரக் காலத்தில் வெளிவந்த 16 கணிப்புகளும் இரு அணி வாக்கில், அதாவது சிறு கட்சிகளின் வாக்குகளையும் வாக்காளரின் விருப்ப வரிசைப்படி இரு பெரிய அணிகளுக்குப் பிரித்த கணக்கில், லேபருக்கு 51 முதல் 52 சதவீதம் என்றன. கிடைத்ததோ சுமார் 48.5.

ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டுங்கள். பிறகு இன்னொரு ஆயிரம். ஒரு சுற்றில் 484 தலை விழும், அடுத்ததில் 517. ஏறக்குறைய மூன்றில் ஒரு சுற்று 484–516 எல்லையைத் தாண்டிவிடும். ஆயிரம் பேரிடம் கேட்கும் கருத்துக்கணிப்பும் இப்படித்தான் அலைய வேண்டும். மாதிரி, அதாவது கேட்கப்படுவோர் எண்ணிக்கை, பெரிதானால் அலைச்சல் குறையும், மறையாது. பதினாறும் அவ்வளவு நெருங்கி நிற்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிரையன் ஷ்மிட் அப்போதே எழுதினார்.

எப்படி நெருங்கின? மாதிரி மக்கள்தொகையைப் போல இருப்பதற்காக, வந்த பதில்களின் எடையை வயது, பாலினம், ஊர் பார்த்து நிறுவனங்கள் கூட்டிக் குறைக்கும். எதைக் கூட்டுவது என்பது அவர்கள் கையில். மற்றவர்களிடமிருந்து விலகிய எண் வந்தால் கை தானாகத் தயங்கும். அந்த மந்தைப்போக்கு இருந்திருக்கலாம் என்பதை, கணிப்புகள் ஏன் தவறின என்று ஆராய்ந்து 2020-இல் வந்த அறிக்கையும் மறுக்கவில்லை. படிப்பும் அரசியல் ஆர்வமும் மிகுந்தவர்களே மாதிரியில் அதிகம் இருந்தார்கள், அது போதிய அளவு சரிசெய்யப்படவில்லை என்றும் அது சொன்னது. ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். கணிப்புக்காரர் அழைத்ததும் போனை வைத்துவிடுகிறவரும் தேர்தல் நாளான சனிக்கிழமை வரிசையில் நிற்பார்.

செய்தியாளர்கள் கணிப்புகளின் அரைப் புள்ளி ஏற்ற இறக்கத்தையே தலைப்பாக்கினார்கள். எண் எவ்வளவு தவறலாம் என்று சொல்லும் பிழை வரம்பு கடைசிப் பத்திக்குப் போனது. எனக்கு ஆற்றாமையே இதில்தான்: வாசகருக்குக் கட்சிகளின் கொள்கையைச் சொல்ல வேண்டிய இடத்தை, யார் முந்துகிறார் என்ற பந்தய நிலவரம் தின்றுவிட்டது. பெரும்பாலான செய்திகளை நம்பலாம் என்றவர்கள் கான்பெரா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 2019-இல் 44 சதவீதம், 2020-இல் 38. தேர்தல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அதன்பின் கணிப்பு நிறுவனங்கள் ஒரு கவுன்சில் அமைத்து, எண்களை எப்படிச் சரிசெய்கிறோம் என்று வெளியிடத் தொடங்கின. 2025 மே தேர்தலில் இறுதிக் கணிப்புகள் பெரும்பாலும் லேபருக்கு 51 முதல் 53 என்றன. வந்தது 55-க்கும் மேல். இம்முறை எண்கள் சற்றே பரவியிருந்தன, ஆனாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் சறுக்கின.