பயோஏரோசால்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

உயிருள்ள ஒண்ணுகிட்ட இருந்து பிரிஞ்சு வந்து காத்துல மிதக்குற நுண்துகள் எல்லாத்துக்கும் பொதுப்பேருதான் பயோஏரோசால். பூந்தாது, பூஞ்சை வித்து, பாக்டீரியா, காஞ்ச இலைப்பொடி எல்லாமே இதுல அடக்கம், துகள் உயிரோட இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

பயோஸ்னா கிரேக்கத்துல உயிர், வாழ்வு. ஏர்னா காற்று. கடைசில வர்ற சால், கரைசலைக் குறிக்கிற சொல்யூஷனோட சுருக்கம். ஏரோசால்ங்கிற சொல்லே முதல் உலகப்போர் சமயத்துல புகைமேகங்களைக் குறிக்க வந்ததுதான்.

தமிழ்ல சிலர் தூசிப்படலம்னு எழுதுறாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துவரல. படலம்னா எது மேலயோ படிஞ்சு மூடுறது, இங்க விஷயமே படியாம மிதக்குறதுதான். தூசின்னதும் மண்ணுதான் ஞாபகம் வரும், உயிர்ங்கிற பாதி காணாமப் போயிடும். காற்றுவழி உயிர்த்துகள்னு சொல்லலாம், சுருக்கமா உயிர்த்துகள். மகரந்தத்துக்கும் தாதுன்னு நம்ம சொல்லே இருக்கு, சங்கப் பாட்டுல வண்டுக்குப் பேரே தாதுண் பறவை.

கிராமத்துக் காத்து சுத்தமானதுன்னு பொதுவா நம்புறோம், ஆனா உயிர்த்துகள் அங்கயும் நிறைய இருக்கு, அதுவும் பருவத்துக்குப் பருவம் ஆளு மாறும். புல்லு பூக்குற காலத்துல வெயிலும் காத்தும் சேர்ந்தா பூந்தாது பறக்கும், பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கிறதால மூக்கோட நின்னு தும்மலைக் கிளப்பும். அறுவடை வந்தா அல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம் மாதிரி பூஞ்சை வித்துகளோட முறை. ஈரத்தோட அடுக்கின வைக்கோல் உள்ளுக்குள்ள சூடாகி, சூட்டுல வளர்ற பாக்டீரியா பெருகிடும், அப்புறம் அதைப் பிரிக்கிறவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சு குளிர்க்காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல்னு வரும், சாதாரண ஃப்ளூன்னு விட்டுடுவாங்க. விவசாயி நுரையீரல்னு இதுக்குப் பேரு, திரும்பத்திரும்ப வந்தா நுரையீரல்ல தழும்பே விழுந்துடும், அதனால வைக்கோலை நல்லா காய வெச்சு அடுக்குறது ரொம்ப முக்கியம்.

மழை பெய்ஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும்னு நினைப்போம், பாதிதான் சரி. இடிமழை சமயத்துல பூந்தாது ஈரத்தை இழுத்து வெடிச்சு பொடிப்பொடியாகி, மூக்கைத் தாண்டி நுரையீரல் வரைக்கும் போயிடும். 2016 நவம்பர்ல மெல்போர்ன்ல இப்படித்தான் ரைகிராஸ்ங்கிற புல்லோட தாதுவால ஒரே சாயங்காலத்துல ஆயிரக்கணக்கானவங்களுக்கு மூச்சுத்திணறல், 10 பேர் இறந்தாங்க.

குளிர்காலத்துல தரையோரக் குளிர்காத்து மேல எழும்பாம நிக்கும், விறகுப் புகையும், அறுவடைக்கு அப்புறம் வயல்ல மிஞ்சுற தாளை எரிக்கிற புகையும் அதுக்குள்ளயே மாட்டிக்கும். இந்தப் புகைத்துகளை உயிர்த்துகள்னு சொல்லக்கூடாது, கரிமத்துகள்னு சொல்லணும், தீயில உருவானது அது. வெயில் காலத்துல மரங்கள் விடுற டெர்பீன் வாயு காத்துல வினைபுரிஞ்சு துகளா மாறுதே, காடு மேல நீலமா ஒரு மங்கல் தெரியுமே, அதுவும் கரிமத்துகள் கணக்குலதான் வரும்.