பென்சில்வேனியா எரிவாயுக் குத்தகை: எத்தனை சதவீதம், எதில் சதவீதம்?

அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில் நிலத்தடி உரிமையைத் தனியாக விற்றுவிடாதவரை, அடியில் உள்ள எரிவாயுவும் நிலத்துக்காரருக்கே. முந்தைய தலைமுறையில் யாராவது அதை விற்றிருக்கலாம். கவுன்டி (மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

எரிவாயு உள்ள மார்செல்லஸ் பாறைப் பகுதியில் எரிவாயு நிறுவனத்தின் ஆள் முதலில் சொல்வது, கையெழுத்துக்காக ஏக்கருக்கு இத்தனை டாலர் போனஸ். கிணறு ஓடும்வரை வருவது ராயல்டிதான், அதாவது வாயு விற்பனையில் உங்கள் பங்கு. அது 12.5 சதவீதத்துக்குக் குறைந்தால் குத்தகை செல்லாது என்கிறது 1979-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாயுவைச் சேகரிப்பது, அழுத்துவது, குழாயில் அனுப்புவது ஆகிய செலவுகளைப் பிடித்துக்கொண்டு மீதியில் அந்தச் சதவீதத்தைக் கணக்கிடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாயு எடுக்கப் பலருடைய நிலங்களைச் சேர்த்த தொகுதிக்கு யூனிட் என்று பெயர். 640 ஏக்கர் யூனிட்டில் உங்களுடையது 50 ஏக்கர். மாத விற்பனை 10 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 640-ஆல் வகுத்தால் 0.078125. பிடித்தமில்லாத 12.5 சதவீதத்தில் உங்களுக்கு 9,766 டாலர். 15 சதவீதம் பேசி, செலவாக 30 சதவீதம் பிடித்தால் 8,203 டாலர்தான். ஆகவே 'எந்தச் செலவும் பிடிக்காமல், மொத்த விற்பனைத் தொகையில்' என்று எழுதி வாங்குங்கள். 'சந்தை மதிப்பை உயர்த்தும் செலவு மட்டும் பிடிக்கலாம்' என்ற வாசகம் பாதுகாப்பு போலத் தெரியும்; எந்தச் செலவையும் அதற்குள் நுழைக்கலாம்.

அடுத்தது காலம். குத்தகை 5 ஆண்டு என்றிருந்தாலும், வாயு வந்துகொண்டிருக்கும்வரை நீளும். 200 ஏக்கரில் 20 மட்டும் யூனிட்டில் சேர்ந்தாலும் மொத்த நிலமும் கட்டுண்டு கிடக்கும். யூனிட்டில் சேராத நிலம் அந்த முதல் குத்தகைக் காலம் முடிந்ததும் விடுபடும் என்ற பிரிவு கட்டாயம் இருக்கட்டும். மேற்பரப்பில் கிணறோ சாலையோ வேண்டாமென்றால் அதையும் எழுத வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

தோண்டுமுன் கிணற்று நீரைப் பரிசோதிக்க நிறுவனம் கேட்டால் மறுக்காதீர்கள். வழக்கமல்லாத (பாறையைப் பிளந்து வாயு எடுக்கும்) எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள நீர், பணி முடிந்த 12 மாதங்களுக்குள் கெட்டால், பொறுப்பு நிறுவனத்துடையது என்றே 2012-ம் ஆண்டுச் சட்டம் கொள்ளும். பரிசோதனையை மறுத்தவருக்கு அந்தச் சலுகை போய்விடும்.

காசோலை வரத் தொடங்கியதும் விலை, அளவு, பிடித்தம் மூன்றையும் அதன் சீட்டில் சரிபாருங்கள். 2013 முதல் அவற்றைக் காட்டுவது நிறுவனத்தின் கடமை.