ஒரு கோப்பு, இரண்டு ஹார்டு டிஸ்க்

பழுதான ஹார்டு டிஸ்க் ஒன்றை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள், அவற்றின் மேல் நீண்டு நிற்கும் மெல்லிய கை. கம்ப்யூட்டர் பற்றி யாராவது பிள்ளைகள் கேட்டால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். ஒரு கோப்பைப் படிக்க அந்தக் கை நகர்ந்து சரியான வளையத்துக்குப் போக வேண்டும், அப்புறம் வேண்டிய இடம் சுழன்று தன் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இது பார்த்ததுமே புரிந்துவிடும்.

மேசைக் கணினிகளில் வரும் டிஸ்க்குகள் பலவும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுபவை. அதாவது நொடிக்கு 120 சுற்று; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. ஒரு சுற்றில் கையின் நுனிக்கு அடியில் எவ்வளவு தரவு ஓடுகிறதோ, அவ்வளவுதான் படிக்க முடியும். அதனால்தான் வீட்டில் இருக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரை போய் நின்றுவிடுகின்றன. அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளோ 550 எம்பிக்கு மேலும் தாங்கும். பாதை அகலமாகத்தான் இருக்கிறது, வண்டிதான் மெதுவாகப் போகிறது.

சரி, ஒரு டிஸ்க்கால் முடியாததை இரண்டு டிஸ்க்குகள் பங்கு போட்டுச் செய்தால்? 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் இந்தத் திசையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டாக வேலை செய்ய வைக்கலாம் என்பது அவர்கள் வாதம். டிஸ்க்குகளை இப்படிக் கூட்டாக வேலை செய்ய வைக்கும் முறைகளுக்கு ‘ரெய்டு’ (RAID) என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அவர்கள் வகுத்த 1 முதல் 5 வரையிலான முறைகள் எல்லாவற்றிலும் ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்க வழி உண்டு. நாம் பார்க்கப்போவது ஸ்ட்ரைப்பிங், அதாவது கோப்பைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும் முறை; அதில் அந்த வழி கிடையாது. அதனால்தான் பின்னாளில் அதற்கு ரெய்டு 0 என்று பெயர் வந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக வந்தால் கடைசி இலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் வந்து, ஒருவர் ஒற்றைப்படை இலைகளுக்கும் மற்றவர் இரட்டைப்படை இலைகளுக்கும் ஊற்றினால் பந்தி பாதி நேரத்தில் நகரும். ஸ்ட்ரைப்பிங் செய்வதும் இதையேதான். உங்களிடம் 4 எம்பி புகைப்படம் ஒன்று இருக்கிறது. துண்டின் அளவு 256 கேபி. படம் 16 துண்டாகும். 1, 3, 5 என்று எட்டுத் துண்டு முதல் டிஸ்க்குக்கு, 2, 4, 6 என்று எட்டுத் துண்டு இரண்டாவதுக்கு. திறக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் படிக்கும். நமக்கு ஒரே டிரைவாகத்தான் தெரியும்.

60 ஜிபி வீடியோவை நொடிக்கு 180 எம்பி வேகத்தில் படித்தால் ஐந்தரை நிமிடம் ஆகும். ஜோடியாகச் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் எல்லாமே வேகமாகிவிடாது. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கோப்புகளைத் தேடித் திறக்கும் வேலையில் நேரத்தைத் தின்பது கை நகர்வதும் தட்டு சுற்றுவதும்தான். பரிமாற இரண்டு பேர் இருந்தாலும் சமையற்கட்டிலிருந்து நடந்து வரும் தூரம் குறையாதே! விண்டோஸ் சட்டென்று திறக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி ஒன்றை வாங்குங்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இந்த ஜோடியைத் தோற்கடித்துவிடும். புதிதாக இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி ஸ்ட்ரைப் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டில் நல்ல நிலையில் இரண்டு சும்மா கிடந்தால், வீடியோ எடிட்டிங்குக்கு அருமையான இடம் கிடைக்கும்.

மேலே சொன்ன அந்தப் பழுதான டிஸ்க் அப்படி ஒரு ஜோடியில் பாதி. அக்கா மகளின் காதுகுத்து வீடியோவை அதில் வைத்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி ‘டிக்... டிக்...’ என்று சத்தம், அதோடு டிரைவே காணாமல் போனது. இன்னொரு டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் அதில் இருந்தது ஒன்றுவிட்டு ஒன்று துண்டுகள் மட்டும்தான். ஒரே துண்டில் அடங்கும் சின்னக் கோப்புகள் முழுசாக இருந்தாலும், எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணையும் அதேபோல இரண்டாகப் பிரிந்துதானே கிடக்கிறது? மூல வீடியோ வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தது. மூன்று ராத்திரி உழைப்பு போயே போய்விட்டது.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் கெட 3 சதவீத வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பு 5.9 சதவீதம்; நான்கு என்றால் 11.5. எது கெட்டாலும் மொத்தமும் போகும். ஆகவே வேறு இடத்தில் பிரதி இல்லாத எதையும், குறிப்பாகக் குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும், இதில் வைக்காதீர்கள்.

செய்யும் முறை சுலபம். முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியால் இரண்டின் உடல்நிலையையும் பாருங்கள். மஞ்சள், சிவப்பு காட்டினால் அந்த டிஸ்க் வேண்டாம். உள்ளே இருப்பதை நகலெடுத்துவிடுங்கள், ஏனென்றால் எல்லாம் அழியும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வேகமாக இருந்தால் நல்லது. மெதுவான டிஸ்க்தான் ஜோடியின் வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டையும் கேபினட்டுக்குள் சாட்டாவில் மாட்டுங்கள். யூஎஸ்பியில் தொங்கவிட்டால், கேபிள் கொஞ்சம் அசைந்தாலும் டிரைவ் மறைந்துவிடும்.

விண்டோஸில் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ என்று தேடித் திறந்து, புதிய பூல் (டிஸ்க்குகளின் கூட்டு) உருவாக்கச் சொன்னால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். இங்கே அவசரப்படாதீர்கள், தவறான டிஸ்க்கை டிக் செய்தால் அதுவும் அழிந்துவிடும். அடுத்து ‘ரெசிலியன்சி’ என்ற இடத்தில் ‘மிரர்’ என்று இருந்தால் அதை ‘சிம்பிள்’ என்று மாற்றுங்கள்; ஸ்ட்ரைப்பிங்குக்கு இங்கே அதுதான் பெயர். மிரர் என்பது ஒரே தரவை இரண்டிலும் எழுதும் வேறு முறை. பிறகு டிரைவுக்கு ஓர் எழுத்தும் (E, F போல) அளவும் கொடுத்தால் டிரைவ் தயார். பின்னாளில் மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்தால் இடம் கூடும், ஆனால் வேகம் தானாகக் கூடாது. எத்தனை டிஸ்க்கில் துண்டு போடுவது என்பது உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லினக்ஸில் இதே வேலையை எம்டிஏடிஎம் (mdadm) என்ற கருவி செய்கிறது. அங்கே துண்டின் வழக்கமான அளவு 512 கேபி.

பல மதர்போர்டுகளில், கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் அமைப்பிலேயே ரெய்டு வசதி இருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. போர்டு கெட்டுப்போனால் அதே வகை போர்டைத் தேடி அலைய வேண்டி வரலாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பூலின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருப்பதால், ஜோடியை அப்படியே கழற்றி வேறு விண்டோஸ் கணினியில் மாட்டினாலும் திறக்கும். எது எந்த கேபிளில் என்பதுகூட முக்கியமில்லை. இரண்டும் ஜோடி என்று மேலே ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வையுங்கள், வீட்டில் வேறு யாராவது ஒன்றைத் தனியாகக் கழற்றி ஃபார்மட் செய்துவிடாமல் இருக்க.