மூன்று நாள் தியானமும் மாத்திரை டப்பாவும்

"டாக்டர், மாத்திரையை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. ஒண்ணும் ஆகல. தியானத்துலயே எனக்குச் சுகம் கிடைச்சிருச்சு."

மனச்சோர்வுக்காக இரண்டு வருடமாக என்னிடம் வருபவர், மூன்று நாள் கிறிஸ்தவத் தியானம் ஒன்றுக்குப் போய்வந்த பிறகு சொன்னது இது. (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முகத்தில் நிஜமாகவே ஒரு தெளிச்சி இருந்தது. வாக்குவாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஃப்ளூஆக்ஸெட்டின். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி, மெல்ல மெல்ல வடியும் மருந்து அது. அந்த மூன்று வாரமும் அவர் மருந்தே இல்லாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி அவரை அழைத்து வந்தார். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அதைவிட மோசமாக ஒரு குற்ற உணர்வு: "என் விசுவாசம் போதல."

நோய் திரும்பி வந்ததை மருந்தால் சரிசெய்துவிட்டோம். அந்தக் குற்ற உணர்வைக் கரைக்கத்தான் நாளானது.

பொதுநிலையினருக்கான, அதாவது குருக்களோ துறவியரோ அல்லாத சாதாரணக் கிறிஸ்தவர்களுக்கான, இந்த வார இறுதி தியானங்களுக்கு நான் எதிரி இல்லை. தனிமையில் வாடும் சிலரைப் போய் வரும்படி நானே சொன்னதுண்டு. இவற்றில் பலவற்றுக்கு மூலம் குர்சில்லோ. 1940களில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் எதுவார்தோ பொன்னின் என்ற பொதுநிலையினரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'சிறு பயிற்சி' அது. அமெரிக்க மெதடிஸ்டுகளிடம் போய் 'எம்மாவு நடை' என்று இன்னொரு வடிவம் எடுத்தது. வேறு பெயர்களில் வேறு சபைகளும் நடத்துகின்றன. அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வியாழன் மாலை உள்ளே போனால் ஞாயிறு மாலை வெளியே வரலாம். அந்த மூன்று நாளில் பதினைந்து உரைகள் வரை இருக்கும். நடுவில் குழு உரையாடல், பாட்டு, செபம், நற்கருணை.

பல குழுக்களில் உள்ளே நுழைந்ததும் கைக்கடிகாரத்தையும் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். நேரத்தைப் பற்றிய கவலை இல்லாமல் இருக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை போடுபவருக்கு எட்டு மணி ஆனது எப்படித் தெரியும்? போனில் அலாரம் வைத்து மருந்து சாப்பிடுகிறவர்கள்தான் இன்று அதிகம். ஆகவே அழைத்துப் போகிறவரிடம், "இத்தனை மணிக்கு எனக்கு மருந்து இருக்கிறது, ஞாபகப்படுத்த ஒருவர் வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதற்கான மருந்து என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தூக்கம். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓரிரு இரவு சரியாகத் தூங்காவிட்டாலே மனம் எழுச்சி நிலைக்குத் தாவிவிடலாம். விடியற்காலை செபம், நள்ளிரவு வரை பகிர்வு, புது இடம், புது முகங்கள், கொட்டும் அன்பு. சனிக்கிழமை இரவு அவர் தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை, பேச்சு நிற்கவில்லை, கடவுள் தன்னிடம் ஒரு தனிப்பணி ஒப்படைத்திருப்பதாகச் சொல்கிறார் என்று வையுங்கள். சுற்றியிருப்பவர்களுக்கு அது ஆவியின் நிறைவாகத் தெரியும். நான் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைத்தான். பக்திப் பரவசத்தில் இருப்பவரும் களைத்தால் தூங்கிவிடுவார். தூக்கமே தேவைப்படாதவரை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள்.

உபவாசமும் உண்டு சில இடங்களில். இருதுருவக் கோளாறுக்காக லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர் தண்ணீரையும் உணவையும் குறைத்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று ஆரம்பித்து ஆபத்தில் போய் முடியலாம். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது.

அப்புறம் கடிதங்கள். குர்சில்லோவில் 'பலாங்கா' என்பார்கள், ஸ்பானிய மொழியில் நெம்புகோல் என்று பொருள். உள்ளே இருப்பவருக்காக வெளியே இருப்பவர்கள் செய்யும் செபமும் தியாகமும் அது. அதன் அடையாளமாகக் குடும்பத்தாரும் நண்பர்களும் எழுதிய கடிதங்களை எதிர்பாராத நேரத்தில் கையில் கொடுப்பார்கள். அழாதவர் குறைவு. வாழ்நாளில் ஒருமுறையாவது 'உன்னை நேசிக்கிறேன்' என்று அப்பா எழுதி வாசித்திராத ஒருவருக்கு அந்தக் காகிதம் என்ன செய்யும் என்பதை என் அறையில் பார்த்திருக்கிறேன். மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதத்தைப் பர்ஸில் வைத்திருந்தார். நான் எழுதிக்கொடுக்கும் எந்த மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் அதே நெம்புகோல், போன மாதம் கணவரைப் பறிகொடுத்தவரிடம் வேறு மாதிரி வேலை செய்யும். விவாகரத்து வழக்கின் நடுவில் இருப்பவர், சமீபத்தில் தற்கொலை எண்ணம் வந்தவர், குடியை நிறுத்திச் சில நாட்களே ஆனவர், இவர்களை இப்போதே அனுப்பாதீர்கள். "மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று உறவினர்கள்தான் பெரும்பாலும் தள்ளிவிடுகிறார்கள். தியானம் ஆறு மாதம் கழித்தும் நடக்கும்.

குழுப் பகிர்வைப் பற்றியும் ஒன்று. சிறுவயதில் நடந்த கொடுமையை அதுவரை யாரிடமும் சொல்லாதவர், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறேழு பேர் முன்னால் திடீரென்று சொல்லிவிடுகிறார். கேட்பவர்கள் அன்பானவர்கள், ஆனால் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அடுத்த உரைக்கு மணி அடித்துவிடும். திறந்த காயத்தோடு அவர் எழுந்து போக வேண்டியிருக்கும். சொல்லாமல் இருப்பதும் உங்கள் உரிமைதான். குருவானவரிடமோ ஆலோசகரிடமோ தனியாகச் சொல்லலாம்.

லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்குப் போன சீடர்கள் இயேசுவை அடையாளம் கண்டதும் அந்நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கும் அதே அவசரம். ஞாயிறு இரவே வேலையை விடுகிறேன், சொத்தை எழுதித் தருகிறேன், மருந்தைக் குப்பையில் போடுகிறேன் என்பார்கள். எதையும் முடிவு செய்யுமுன் நான்கு வாரம் பொறுங்கள் என்றுதான் அவர்களிடம் நான் கேட்பது. மருந்தைக் குறைக்க விரும்பினால் பட்டியல் போட்டுப் படிப்படியாகக் குறைப்போம், அதற்கு நானும் தயார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு அப்புறம் என்ன என்பதை இந்தத் தியானங்களைத் தொடங்கியவர்களும் யோசித்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகான வாழ்க்கை முழுவதையும் 'நான்காம் நாள்' என்றே அழைக்கிறார்கள். நாலைந்து பேர் வாராவாரம் கூடிப் பேசுவதும் அந்த ஏற்பாட்டின் பகுதிதான். அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர்கள் என்னிடம் மறுபடி வரும்போது ஓரளவு நிதானமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

முதலில் சொன்னவர் இப்போது மருந்தும் சாப்பிடுகிறார், வாரக் கூட்டத்துக்கும் போகிறார். போன தடவை ஒரு சந்தேகம் கேட்டார்: அடுத்த தியானத்தில் உதவியாளராக வரச் சொல்கிறார்கள், போகலாமா? இரவு பதினோரு மணிக்குள் படுக்க விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.