போர்வெல்: கிணறா, துளையா?

"ஏனுங்க சார், தண்ணியே வேண்டாம்னா எதுக்குங்க கெணறுன்னு எழுதி வெச்சிருக்கு?"

கேட்டவர் நிலத்தில் துளை போடும் ரிக் வண்டியின் டிரில்லர். திருச்செங்கோட்டுக்காரர். இடம், பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் பாதி எழும்பி நிற்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம். அங்கே ஏசியின் சூட்டை மொட்டை மாடிக்கு அனுப்பாமல் நிலத்துக்குள் இறக்கப்போகிறார்கள். அதற்காக ஏழெட்டுத் துளைகள். தகவல் பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தயார். ரிக் ஆட்கள் தமிழர்கள் என்பதால் தமிழிலும் வேண்டும் என்று, அல்சூரில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆங்கிலப் பலகையில் 'ஜியோதெர்மல் போர்வெல்' என்று இருந்தது. நான் யோசிக்காமல் 'புவிவெப்ப ஆழ்துளைக் கிணறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் டிரில்லர் கேட்ட கேள்விக்கு அகராதியில் பதில் இல்லை.

முதலில் 'போர்வெல்'. 'போர்' என்பது துளையிடுதல். பழைய ஆங்கிலத்திலிருந்தே அந்தப் பொருளில் வருகிற சொல். 'வெல்' அதைவிட சுவாரசியமானது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கொதித்தல், குமிழியிட்டுப் பொங்குதல் என்று பொருள். தோண்டிய குழியைவிட, தானாகப் பொங்கிவரும் ஊற்றுக்குத்தான் அந்தச் சொல் முதலில் பொருந்தியது. ஆக 'போர்வெல்' என்றால் துளைத்துப் பெற்ற ஊற்று. தமிழில் பேசும்போது பின்பாதியைக் கழற்றிவிட்டோம். போர் போட்டாச்சு, போர் தண்ணி, போர் வத்திப்போச்சு என்கிறோம். சண்டைக்கும் வைக்கோலுக்கும் ஏற்கெனவே ஒரு போர் இருக்கிறது என்பதால் யாரும் குழம்பியதில்லை. பெங்களூரு வீடுகளில் குழாயைத் திறந்ததும் "இது காவேரியா, போரா?" என்று கேட்பது அன்றாட வழக்கு.

கன்னடத்தில் இதற்கு 'கொளவெ பாவி'. ஊருக்குப் புதிதாக வந்த தமிழர் காதில் இது யாரையோ திட்டுவதுபோல் விழும். பாவி என்றால் கிணறு. வடமொழி 'வாபி' கன்னடத்தில் பாவியாகவும் தமிழில் வாவியாகவும் ஆனது. மட்டக்களப்பு வாவி என்கிறோமே, அதே சொல்தான். 'கொளவெ' நம் குழலுக்கும் குழாய்க்கும் உறவு. எனவே கன்னடக்காரர் சொல்வது 'குழாய்க் கிணறு'. தமிழ் அரசாணைகளும் நாளிதழ்களும் சொல்வது 'ஆழ்துளைக் கிணறு'. பல பேர் இரண்டையும் ஒன்றாக்கி 'ஆழ்குழாய்க் கிணறு' என்றும் எழுதுகிறார்கள்.

குழாயும் துளையும் ஒன்றல்ல. காவிரி டெல்டாவிலோ கடலோர மணலிலோ துளை போட்டால் மண் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் அடிவரை குழாய் இறக்கி, நீர் வரும் இடத்தில் துவாரமுள்ள குழாய் வைப்பார்கள். அது குழாய்க் கிணறு. பெங்களூரு நிற்பது 'நைஸ்' (gneiss) என்ற கெட்டிப் பாறைமேல். பாறை சரியாது. மேலே உள்ள மண்ணும் மக்கிய பாறையும் சரியாமல் இருக்க அந்த ஆழம் வரைக்கும்தான் கேசிங் என்கிற காப்புக் குழாய். அதற்குக் கீழே ஆயிரம் அடி போனாலும் வெறும் துளைதான், சுவர் பாறைதான். அந்தக் கணக்கில் பெங்களூருவுக்குச் சரியான பெயர் தமிழ்ப் பெயர், டெல்டாவுக்குச் சரியான பெயர் கன்னடப் பெயர். ஊர் மாறிப் போய்விட்டன, என்ன செய்ய?

இனி 'கிணறு'. தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. கேணி, கூவல், துரவு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. ஐங்குறுநூற்றில், தலைவன் நாட்டுக் கூவலில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர், தேன் கலந்த பாலைவிட இனித்தது என்கிறாள் ஒரு பெண். இலை உதிர்ந்து கிடக்கும் கூவல் அது. நீரின் தரத்தை இவ்வளவு தாராளமாக மதிப்பிட்டவர் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தது துரவு. 'தோட்டம் துரவு' என்று இன்றும் சேர்த்தே சொல்கிறோம். தோட்டம் தெரிகிறது, துரவு என்னவென்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். பெருங்கிணறு என்பது பொருள். 'துர' என்றால் துளைத்தல், குடைதல். ஆசாரி மரத்தில் ஓட்டை போடும் கருவிக்குத் துரப்பணம் என்று பெயர் வந்ததும் இதனால்தான். அதாவது 'போர்' என்ற சொல்லில் உள்ள துளைத்தல், துரவுக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. போர்வெல்லுக்கு ஒற்றைச் சொல் வேண்டும் என்று யாராவது கேட்டால் துரவு என்றே சொல்லிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கிணறு என்றதும் மனதில் வருவது கைப்பிடிச் சுவர், கப்பி, உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும் நம் முகம். போர்வெல்லில் இதில் ஒன்றும் இல்லை. ஆறரை இஞ்ச் வாய். ஒரு சாண்கூட இல்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, 'கிணற்றில் விழுந்தான்' என்று கேள்விப்பட்டவர்கள், அந்த வாயின் அகலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் திகைத்தார்கள். கிணறு என்ற சொல் அந்தக் குறுகலை மறைத்துவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2010இல் கொடுத்த வழிகாட்டுதல்கள் கைவிடப்பட்ட போர்வெல், குழாய்க் கிணறு இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. துளை போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ரிக் வைத்திருப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகையும் வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றி சிமென்ட் மேடை, தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். என்னிடம் தமிழில் கேட்ட பலகையும் இப்படிப்பட்ட ஒன்றுதான்.

'ஜியோதெர்மல்' கிரேக்கத்திலிருந்து வந்தது. நிலம், வெப்பம் என்ற இரு சொற்கள். தமிழில் புவிவெப்பம். 'நிலவெப்பம்' என்று எழுதினால் இன்னும் தமிழாக இருக்குமே என்று முயன்று பார்த்தேன். காவலாளி அதை 'நிலவு வெப்பம்' என்று படித்தார். கைவிட்டேன்.

புவிவெப்பம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அது பூமியின் ஆழத்திலிருந்து வரும் சூடு. ஒயிட்ஃபீல்டில் அப்படி எதுவும் இல்லை. இங்கே பயன்படுவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மதியத்தில் சில்லென்று இருக்கும். மாறியது தண்ணீர் அல்ல, வெளிக்காற்று. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே நிலத்தின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டி. பெங்களூரில் அது 24, 25 டிகிரி. வெளியே 35 டிகிரி கொளுத்தும்போது ஏசியின் சூட்டைக் கொட்ட அது நல்ல இடம். துளைக்குள் யு வடிவத்தில் பாலிஎத்திலீன் குழாய் இறக்கி, மூடிய சுற்றாக அதற்குள்ளேயே தண்ணீரை ஓடவிடுவார்கள். நிலத்திலிருந்து ஒரு சொட்டு நீர் எடுப்பதில்லை, விடுவதும் இல்லை.

எதுவும் எடுக்காத துளை கிணறா? எண்ணெய்க் கிணறு தண்ணீருக்கானது இல்லை, ஆனாலும் கிணறு என்கிறோம். அதிலிருந்து ஏதோ ஒன்றாவது வெளியே வருகிறது. பொருட்காட்சியில் பைக் ஓட்டும் மரணக் கிணற்றிலிருந்து எதுவும் வருவதில்லை, ஆனால் அது கிணறு மாதிரி வட்டமாகவாவது இருக்கிறது. இதற்கு இரண்டும் இல்லை.

ஜெர்மானியர்கள் இதில் தெளிவு. மூடிய சுற்றுக் குழாய்க்கு 'எர்ட்வெர்மெசோண்டெ' என்கிறார்கள். மண், சூடு, உள்ளே செலுத்தும் கோல் என்று மூன்று சொற்கள் சேர்ந்தது. கிணற்றுக்கான 'புருனென்' அதில் இல்லை. நிலத்தடி நீரையே மேலே எடுத்து மறுபடி உள்ளே விடும் வகைக்குத்தான் அந்தச் சொல். பெயரில் கிணறு இல்லை என்பதால் அவர்கள் சட்டம் இதைச் சும்மா விடவும் இல்லை. நிலத்தடி நீரைப் பாதிக்கக்கூடிய ஆழத்துக்குத் தோண்டும் எவரும் ஒரு மாதம் முன்பே அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். எடுப்பதற்கா இல்லையா என்ற கேள்வியே இல்லை.

நம் பக்கம் பெயர்தான் வாசல். கர்நாடகாவின் 2011ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம், நீரைத் தேடவோ எடுக்கவோ இறக்கப்படும் அமைப்பைத்தான் கிணறு என்கிறது. திறந்த கிணறு, போர்வெல், குழாய்க் கிணறு எல்லாம் அதற்குள் அடக்கம். பெங்களூரு நகர மாவட்டம் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று வகைப்படுத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் இங்கே போர் போடக்கூடாது. 2024 கோடையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டியபோது, குடிநீர் வாரியம் இதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. இதெல்லாம் எடுப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகள். எடுக்காமல் கெடுப்பவர் என்று ஒருவர் உண்டு, அவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பது என் கட்சி.

எப்படிக் கெடும்? டிரில்லரே காட்டினார். மக்கிய பாறையில் மேல் தண்ணீர் தங்கியிருக்கும். தெருச் சாக்கடை, செப்டிக் டேங்க் கசிவு எல்லாம் அதில்தான். கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் இருப்பது வேறு தண்ணீர். துளை இரண்டையும் குத்திக்கொண்டு போகிறது. கேசிங்கின் அடி கெட்டிப் பாறையில் நன்றாக உட்காரவில்லை என்றால் "மேல் தண்ணி எறங்கிரும்" என்றார். சொல்லிவிட்டு கேசிங்கைச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்தார். டொக்கு டொக்கு என்றால் இன்னும் இறங்க வேண்டும், ணங் என்றால் போதும்.

புவிவெப்பத் துளையில் கேசிங் மட்டும் போதாது. யு குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் உள்ள சந்து முழுவதையும் அடைக்க வேண்டும். பென்டோனைட் களிமண்ணும் சிமென்டும் கலந்த கிரௌட்டை ஒரு மெல்லிய குழாய் வழியாக அடியிலிருந்து மேல் நோக்கி நிரப்ப வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் காற்று நின்றுவிடும், அந்தப் பொந்து வழியாகச் சாக்கடை கீழே போகும். ஜெர்மனியின் தெற்கே ஸ்டௌஃபன் என்ற சிற்றூரில் 2007இல் நகராட்சிக் கட்டடத்துக்காக ஏழு துளை போட்டார்கள், ஒவ்வொன்றும் 140 மீட்டர். கீழே அழுத்தத்தில் இருந்த நீர் துளை வழியாக மேலேறி, அன்ஹைட்ரைட் என்ற தாது அடுக்கை நனைத்தது. அது ஜிப்சமாக மாறி உப்பியது. ஊரின் பழைய பகுதி மேலெழுந்தது. 250 வீடுகளுக்கு மேல் விரிசல். பெங்களூரு பாறையில் அன்ஹைட்ரைட் கிடையாது, இந்த ஊர் உப்பாது. ஆனால் நீர் போகாத இடத்துக்கு வழி திறந்துவிட்டோம் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

பலகையைத் திருத்தினேன். 'புவிவெப்பத் துளை. இது தண்ணீர்க் கிணறு அல்ல' என்று எழுதி, அதன்கீழே ஆழத்தையும் கிரௌட் விவரத்தையும் சேர்த்தேன். டிரில்லர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். "எங்க கணக்குல தண்ணி வராட்டி அது ஃபெயில் போருங்க. இங்க தண்ணி வந்தாத்தான் ஃபெயிலாட்ட இருக்குது."

மூன்றாவது துளையில் அதுதான் நடந்தது. துளையிடும் ராடில் ஒன்பதாவது இறங்கிக்கொண்டிருந்தது, ராடுக்கு 20 அடி. அதுவரை வெள்ளைப் புகையாக வந்துகொண்டிருந்த கல்தூள் திடீரென்று ஈரமாகி, சாம்பல் நிறச் சேறாகத் துப்பியது. அடுத்த நொடி தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. பழக்கதோஷம், ஹெல்ப்பர் பையன் "தண்ணீ!" என்று கத்திக்கொண்டு கைதட்டினான். சைட் இன்ஜினியர் முகம் தொங்கிப்போனது. ஓடுகிற தண்ணீரில் கிரௌட் நிற்காமல் கரைந்துவிடும் என்பது அவர் கவலை. கட்டட உரிமையாளர் நனைந்த செருப்போடு ஓடிவந்து, "இவ்ளோ தண்ணி வருதே, இதை மட்டும் கிணறாவே வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

இன்ஜினியர் அவருக்குச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் எனக்கு போன் வந்தது. பலகையில் 'தண்ணீர்க் கிணறு அல்ல' என்ற வரியை மட்டும் இன்னும் பெரிய எழுத்தில் போட்டுத் தர வேண்டுமாம்.