2020 சரக்கை இன்னும் எத்தனை வருஷம் அடுக்கி வைப்பீர்கள்?

"துணி என்ன தக்காளியா சார், அழுகிப்போக?"

கும்பகோணத்தில் உட்கார்ந்து டெல்டா ஜவுளிக்கடைகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கிறேன். இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம் மாயவரம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் அதையே கேட்டார். 2020 பிப்ரவரியில் பில் போட்ட சுடிதாரும் குழந்தைகள் கவுனும் அவர் கடை மாடியில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. சரக்கைக் காட்டி பேங்கில் வாங்கும் ஓசிசி கடனின் லிமிட் முட்டி நிற்கிறது, புதுச் சரக்கு எடுக்கக் கையில் காசில்லை. கோபம் மட்டும் முழுக்க ஆன்லைன்காரன் மேல்.

ஆன்லைன் வியாபாரத்தை வளர்த்தது கொரோனாதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கணக்குப் பார்த்து மூடிய கடைகளில் பெரும்பாலானவை மாடியில் கிடந்த சரக்கால் மூடியவை.

நம் பக்கத்துக் கணக்கு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான் சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு ஜவுளி எடுக்கக் கிளம்புவார்கள். அதற்காகக் கடைக்காரர் மாசியிலேயே சூரத், ஈரோடு, திருப்பூர் என்று சரக்கை இறக்கிவிடுவார். 2020இல் இறக்கி முடித்த கையோடு மார்ச் 24 சாயங்காலம் ஷட்டரை இழுத்தோம். முகூர்த்தம் போச்சு, மே 25 ரம்ஜானும் போச்சு. அடுத்த வருஷமாவது எடுத்துவிடலாம் என்றால் 2021 மே 10இல் மறுபடி முழு ஊரடங்கு, நாலே நாளில் ரம்ஜான். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஜூனில் மற்ற ஊர்களுக்குத் தளர்வு வந்தபோதும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நாலும் தளர்வு குறைந்த 11 மாவட்டப் பட்டியலில்தான் இருந்தன. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் 2018 கஜா புயலின் கடனே அப்போது முடிந்திருக்கவில்லை.

இதுவரை யார் மேலும் தப்பில்லை. அதற்கப்புறம் செய்ததுதான் தப்பு.

துணி கெட்டுப்போகும் ஐயா. வெள்ளைச் சட்டை மடித்த கோட்டில் மஞ்சளாகும், லெக்கின்ஸில் எலாஸ்டிக் தளரும், சரிகை கறுக்கும். இதெல்லாம் ஒன்றுமே ஆகாவிட்டாலும் சைஸ் கெட்டுப்போகும், கலர் கெட்டுப்போகும், கழுத்து மாடல் கெட்டுப்போகும். தனியார் பள்ளிச் சீருடை வைத்திருந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூணாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2021 நவம்பர் 1இல் பள்ளிக்கூடம் திறந்தபோது அஞ்சாம் வகுப்பு. அதற்குள் சில பள்ளிகள் சீருடையையே மாற்றிவிட்டன. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று அரசு சொன்னதும் சொந்தபந்தம் அத்தனைக்கும் வேட்டி சேலை எடுக்கும் வழக்கம் சுருங்கியது, அது இன்னும் பழையபடி விரியவில்லை. வீட்டிலேயே கிடந்த காலத்தில் நைட்டியும் டீ சர்ட்டும் ஓடின, பேன்ட் பிட் தூங்கியது. கேட்கிற பொருளே மாறிவிட்ட பிறகு பழையதைப் பத்திரமாக வைத்திருந்து யாருக்கு விற்பது?

800 ரூபாய்க்கு வாங்கிய சுடிதார், ஓசிசி வட்டி 10 சதவீதம் என்றே வையுங்கள். வருஷம் 80 ரூபாய், அஞ்சு வருஷத்தில் 400. இன்றைக்கு அதை 300க்குக்கூட ஆள் கேட்பதில்லை. ஆனால் வருஷா வருஷம் மார்ச் 31 இருப்புப் பட்டியலில் 800 என்றே எழுதித் தருகிறீர்கள். அப்படி 1,000 உருப்படி இருந்தால் 5 லட்சம் நஷ்டம் கணக்கில் ஏறவே இல்லை என்று அர்த்தம், அந்த அளவுக்கு இல்லாத லாபத்துக்கு வரி கட்டியிருக்கிறீர்கள். இருப்பை வாங்கிய விலை, இப்போது விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். பிரிட்டனில் பிரைமார்க் என்று பெரிய மலிவு விலைத் துணிக்கடை. அப்போது ஆன்லைன் விற்பனையே கிடையாது, 2020 மார்ச்சில் மாதம் 65 கோடி பவுண்ட் வியாபாரம் பூஜ்யமாகிப்போனது. அவர்கள் ஏப்ரலிலேயே கணக்கில் சரக்கின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரியவர்களுக்கே கெட்டுப்போகிற துணி நமக்கு மட்டும் கெடாதா?

அதற்காக வாயால் சொன்னதும் நான் குறைத்துப் போட முடியாது, அதிகாரி ஆதாரம் கேட்பார். அதே ரகத்தைத் தள்ளுபடியில் விற்ற பில்தான் ஆதாரம். ஆகவே முதலில் ஆடித் தள்ளுபடியோ வாசலில் மேஜை போட்டோ, கிடைத்த விலைக்கு விற்றுத் தொலையுங்கள். விற்ற விலைக்குத்தான் ஜிஎஸ்டி. நஷ்டத்துக்கு விற்றாலும் வாங்கும்போது கொடுத்து, கணக்கில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி, அதாவது உள்ளீட்டு வரி, உங்களுடையதுதான். கோபத்தில் எரித்தாலோ, மதிப்பைக் குறைக்காமல் சரக்கையே கணக்கிலிருந்து கழித்து எழுதினாலோ, புண்ணியத்துக்கு ஆசிரமத்துக்குக் கொடுத்தாலோ அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். புண்ணியம் தாராளமாகச் செய்யுங்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பேங்குக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் விற்காத பழசை முழு விலைக்கு ஏற்றிக் காட்டாதீர்கள். லிமிட் கிடைக்கும்தான், திருப்பிக் கட்டப்போவது யார்? கொரோனா காலத்து அவசரக் கடனுக்கு அரசு உத்தரவாதம், அதனால் தள்ளுபடி ஆகிவிடும் என்று நம்பியவர்கள் எத்தனை பேர்! அந்த உத்தரவாதம் பேங்குக்கு, உங்களுக்கு இல்லை. அதை எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு அடுத்த மாதம் அதையே கேட்கிறார்கள்.

ஏஜென்ட் "பணம் மெதுவா கொடுங்க அண்ணே" என்று மூட்டையை இறக்கினால் மயங்காதீர்கள். 180 நாளில் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியிருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான், இல்லாவிட்டால் 15. கெடு தாண்டி வருஷக் கடைசியில் பாக்கி நின்றால், 2023-24 முதல் வருமான வரிக் கணக்கில் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அது செலவாகும்.

அடுத்த மாசிக்கு முழு சீசனுக்கும் ஒரே மூச்சில் இறக்காமல் பாதி எடுங்கள், ஓடுவதைப் பார்த்து மறுபடி எடுங்கள். திருப்பூர் ஒரு ராத்திரிப் பயணம்தான். அப்புறம், ஒவ்வொரு உருப்படியின் சீட்டிலும் வாங்கிய மாதம், வருஷம் எழுதுங்கள். ஒரு வருஷம் தாண்டியதைத் தனிப் பட்டியலாகப் போட்டு என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், தயவுசெய்து மார்ச் 30 ராத்திரி அனுப்பாதீர்கள்.